முன்பக்கம் பிடிக்காத டூரிங் காருக்கு ஸ்பிரிங் மட்டும்தான் மருந்தா?

கேட்டவர் சொன்னதை முதலில் சுருக்கிவிடுகிறேன். ரிமோட்டில் ஓட்டும் 1/10 அளவு எலக்ட்ரிக் டூரிங் கார், பெல்ட் டிரைவ், நான்கு சக்கர இழுவை, முன்னால் ஸ்பூல் (இரண்டு முன் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் அச்சு), பின்னால் கியர் டிஃப் (இரண்டு பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பெட்டி), தார்த் தளம், ரப்பர் டயர். வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினாலும் மூக்கு உள்ளே வராமல் கார் அகலமாக வெளியே போகிறது. முன் ஸ்பிரிங்கை இரண்டு படி மென்மையாக்கியும் பெரிய மாற்றம் இல்லை. அடுத்து இன்னும் மென்மையான ஸ்பிரிங்கா, ரோல் சென்டரா (கார் சாயும்போது சுழலும் கற்பனைப் புள்ளி), காஸ்டரா (ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்), எதைத் தொடுவது என்று கேட்கிறார். எனக்கு இது வேறு மாதிரி படுகிறது. எந்தப் பாகத்தை மாற்றுவது என்பதற்கு முன்னால், வளைவின் எந்த இடத்தில் முன்பக்கம் விட்டுவிடுகிறது என்று தெரிய வேண்டும். ஸ்பிரிங் இரண்டு படி இறங்கியும் காரில் ஒன்றும் தெரியவில்லை என்பதே ஒரு நல்ல தகவல்தான். அது சின்ன மாற்றம் இல்லை. அவ்வளவு மாற்றியும் கார் அசையவில்லை என்றால் கோளாறு ஸ்பிரிங்கில் இல்லை, அல்லது ஸ்பிரிங் செய்யும் வேலையை வேறு ஏதோ மறைக்கிறது.

பல வருடமாக இந்தக் கார்களை ஓட்டி, மற்றவர்களின் கார்களுக்கும் செட்டப் பார்த்துக்கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கார் என் கையில் இல்லை, உங்கள் தளத்தை நான் பார்த்ததும் இல்லை. அதனால் எது அடிப்படை இயற்பியல், எது ஓட்டுநர்களுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போகாத விஷயம் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன். இரண்டாவது வகையை நீங்களே ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சஸ்பென்ஷனைத் தொடுவதற்கு முன் ஸ்டீயரிங் நிஜமாகவே திரும்புகிறதா என்று பாருங்கள். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் 'முன்பக்கம் பிடிக்கவில்லை' என்று வரும் கார்களில் நிறைய இங்கேயே முடிந்துவிடும். காரைத் தரையில் வைத்து, டயர் தரையைத் தொட்டபடியே ட்ரான்ஸ்மிட்டரில் இடது கடைசி, வலது கடைசி என்று திருப்புங்கள். தூக்கிப் பிடித்தபோது கிடைத்த கோணம் தரையிலும் கிடைக்கிறதா? கிடைக்கவில்லை என்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோவுக்குப் பலம் போதவில்லை, அல்லது அதை அடியிலிருந்து காக்கும் ஸ்பிரிங் இணைப்பான சர்வோ சேவர் வளைந்துகொடுக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே கோணம் வருகிறதா என்பதையும் அளந்து, ட்ரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயின்ட்டை (ஒவ்வொரு பக்கமும் திரும்பும் கடைசி எல்லையை) சரிசெய்யுங்கள். அப்புறம் ஷாக்கை (ஸ்பிரிங்கைத் தாங்கும் எண்ணெய்க் குழாயை) கழற்றிவிட்டு, சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் முன் ஆர்ம்களைத் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். ஆர்ம் சுழலும் ஹிஞ்ச் பின்னிலோ பந்து மூட்டான பால் கப்பிலோ சிறிது இறுக்கம் இருந்தாலும், இவ்வளவு லேசான காரில் அது ஸ்பிரிங்கின் வேலையைக் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட காரில் ஸ்பிரிங் மாற்றுவது வீண் செலவு.

ஸ்டீயரிங் கோணத்தைப் பற்றி இன்னொன்று. கார் திரும்பவில்லை என்றதும் எல்லோரும் கோணத்தைக் கூட்டத்தான் பார்ப்பார்கள். டயர் போகும் திசைக்கும் அது பார்க்கும் திசைக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அளவு வரைக்கும்தான் பிடிப்பைக் கூட்டும், அதைத் தாண்டினால் டயர் தேய்த்துக்கொண்டு பிரேக் மாதிரி வேலை செய்யும். வேகமான, அகலமான வளைவில் கார் வெளியே போகிறது என்றால் டூயல் ரேட்டை (ட்ரான்ஸ்மிட்டரில் மொத்த ஸ்டீயரிங் கோணத்தைக் குறைக்கும் அமைப்பை) கொஞ்சம் குறைத்து ஓட்டிப் பாருங்கள். கார் இன்னும் நன்றாகத் திரும்பினால், நீங்கள் டயரை இத்தனை நாளும் அதன் உச்சத்தைத் தாண்டித் திருப்பிக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம். செலவே இல்லாத சோதனை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அடுத்தது டயர். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது: தார்த் தளத்தில் டயர் தவறாக இருந்தால் எந்தச் செட்டப்பும் காப்பாற்றாது. கவனிக்க வேண்டியது, கார் முதல் சுற்றிலிருந்தே வெளியே போகிறதா, இல்லை இரண்டு மூன்று நிமிடம் ஆன பிறகா? முதலிலிருந்தே என்றால் டயர் சூடேறவில்லை, அல்லது அந்தத் தளத்தின் வெப்பத்துக்கு ரப்பர் கலவை கடினமாக இருக்கிறது, அல்லது டயர் ஆயுள் முடிந்து பளபளப்பாகிவிட்டது. நன்றாகத் தொடங்கிப் போகப் போகக் கெட்டுப்போகிறது என்றால் முன் டயர் அளவுக்கு மீறிச் சூடாகிறது; அப்போது நீங்கள் தேட வேண்டியது கூடுதல் பிடிப்பு இல்லை, முன் டயரைக் குறைவாக வேலை வாங்கும் வழி. போட்டி ஓட்டம் வழக்கமாக 5 நிமிடம். முதல் நிமிடத்தில் மட்டும் அருமையாக இருக்கும் கார் கடைசி நிமிடத்தில் உங்களைக் கைவிடும். டயர் ரிம்மில் எங்காவது ஒட்டு விட்டிருக்கிறதா என்று விரலால் பிரித்துப் பாருங்கள். பிடிப்பைக் கூட்டும் டயர் திரவம் பூச அனுமதி உள்ள இடம் என்றால் முன் டயரின் முழு அகலத்துக்கும் பூசுகிறீர்களா, உள்பக்கப் பாதிக்கு மட்டுமா என்பதும் கணக்கில் வரும். முன்பிடிப்பு அதிகம் என்று தவிப்பவர்கள் பாதி மட்டும் பூசுவார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு நீங்களும் அப்படிச் செய்துகொண்டிருந்தால், உங்களிடம் இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுகிறீர்கள்.

டயரின் தேய்மானத்தையும் படிக்கலாம். உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி காரின் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம்) அதிகம், வெளிவிளிம்பு தேய்ந்தால் போதவில்லை. பெரும்பாலான டூரிங் கார்கள் 1 முதல் 2 டிகிரி நெகட்டிவுக்குள் ஓடும். வெளிவிளிம்பு உருண்டு தேய்ந்திருக்கும் காரில் முன் கேம்பரை அரை டிகிரி கூட்டினாலே நடு வளைவில் வித்தியாசம் தெரியும்.

இனி ட்வீக். சட்டகம் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தால் கார் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மோசமாகவும் திரும்பும். சமதளத்தில் வைத்து, சட்டகத்தின் பின்முனையில் சரியாக நடுவில் ஒரு கத்தி முனையைக் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தரையை விட வேண்டும். ஒன்று முந்தினால் முன்பக்கத்தில் ஏதோ சமமாக இல்லை. ஆன்டி ரோல் பார் (இடது வலது ஆர்ம்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பி) இரண்டையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள், அது பாரின் கோளாறா, ஷாக்கின் கோளாறா, மேல்தட்டு திருகு இறுக்கத்தின் கோளாறா என்று பிரித்துவிடலாம். இடது ஷாக்கும் வலது ஷாக்கும் ஒரே நீளத்தில், ஒரே ரீபவுண்டோடு (அமுக்கி விட்டதும் திரும்பி எழும் அளவோடு) இருக்கின்றனவா என்பதும் இதோடு சேர்ந்தது.

இதெல்லாம் சரி என்றால்தான் சஸ்பென்ஷன். இங்கே வளைவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: த்ராட்டிலை விட்டுவிட்டு உள்ளே நுழைவது, நடுவில் உருண்டு போவது, த்ராட்டில் கொடுத்து வெளியே வருவது. மூன்றிலும் முன் டயரின் மேல் இருக்கும் பாரம் வேறு வேறு. அதனால் மருந்தும் வேறு வேறு. 'கார் புஷ் ஆகிறது', அதாவது மூக்கு வராமல் அகலமாகப் போகிறது என்று மட்டும் சொன்னால் என்னால் எதையும் பரிந்துரைக்க முடியாது. எங்கே புஷ் ஆகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒரு சுற்றில் வேண்டுமென்றே வளைவுக்கு மிக முன்னதாகவே த்ராட்டிலை விட்டு, மெதுவாக உள்ளே உருட்டி, நடுவில் எதையும் தொடாமல் விட்டுப் பாருங்கள். அப்படி மெதுவாகப் போகும்போது கார் அழகாகத் திரும்பினால் உங்கள் பிரச்சினை நுழைவில், அதாவது வேகத்தைக் குறைக்கும் விதத்தில் இருக்கிறது. நடுவரைக்கும் சரியாக இருந்து த்ராட்டில் கொடுத்ததும் அகன்று போனால் அது வெளியேறும் பிரச்சினை.

கொஞ்சம் இயற்பியல், ஏனென்றால் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டுதான் நிறைய பேர் ஸ்பிரிங் பாக்கெட்டுகளாக வாங்கிக் குவிக்கிறார்கள். கார் சாய்வதால்தான் வெளிப்பக்க டயருக்குப் பாரம் போகிறது என்று பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியில்லை. வளைவில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மொத்தம் எவ்வளவு பாரம் மாறுகிறது என்பதை ஈர்ப்பு மையத்தின் உயரமும், சக்கரங்களுக்கு இடையிலான அகலமும், எவ்வளவு வேகமாக வளைகிறீர்கள் என்பதும் முடிவு செய்கின்றன. ஸ்பிரிங்குக்கு அதில் கிட்டத்தட்டப் பங்கே இல்லை. மாறும் பாரத்தில் எவ்வளவை முன் அச்சு சுமக்க வேண்டும், எவ்வளவைப் பின் அச்சு சுமக்க வேண்டும் என்று பங்கு பிரிப்பதுதான் ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும் செய்யும் வேலை. டயரின் மேல் பாரத்தை இரண்டு மடங்காக்கினால் பிடிப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். அதனால் எந்த அச்சு அதிகப் பங்கைச் சுமக்கிறதோ அந்த அச்சின் இரண்டு டயரும் சேர்ந்து தரும் பிடிப்பு குறைகிறது. முன்பக்கத்தை மென்மையாக்கினாலோ பின்பக்கத்தைக் கடினமாக்கினாலோ முன்பிடிப்பு கூடுவது இதனால்தான். இவ்வளவும் உறுதியான விஷயம்.

அப்படியென்றால் உங்கள் காரில் முன் ஸ்பிரிங் மாற்றியும் ஏன் வேலை செய்யவில்லை? எனக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று. முதலாவது, முன் ஆன்டி ரோல் பார் தடிமனாக இருந்தால் சாய்வைத் தடுப்பதில் பெரும்பங்கு அதனுடையதாகிவிடும், ஸ்பிரிங் மாற்றம் அதற்குள் கரைந்துபோகும். பாரின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 1.2 மி.மீ. பாரை 1.3 மி.மீ. ஆக்கினால் கடினம் சுமார் 38 சதவீதம் கூடுகிறது, 1.4 ஆக்கினால் சுமார் 85 சதவீதம். கண்ணுக்குத் தெரியாத 0.1 மி.மீ. வித்தியாசம் இத்தனை வேலை செய்யும். முன் பாரை ஒரு படி மெலிதாக்கி அல்லது பின் பாரை ஒரு படி தடித்ததாக்கிப் பாருங்கள்; நடு வளைவு புஷ்ஷுக்கு நான் முதலில் தொடுவது இதைத்தான், ஏனென்றால் நேர்கோட்டில் காரின் குணம் அதிகம் மாறாது, திருப்பி மாற்றவும் எளிது.

இரண்டாவது, மென்மையான ஸ்பிரிங் போட்ட பிறகு ரைடு ஹைட்டை (தரைக்கும் சட்டகத்துக்கும் உள்ள இடைவெளியை) திரும்ப அமைத்தீர்களா? அமைக்காவிட்டால் முன்பக்கம் தாழ்ந்திருக்கும். அமைத்திருந்தாலும் வளைவில் மென்மையான ஸ்பிரிங் அதிகமாக அமுங்கி, சட்டகத்தின் முன்வெளி ஓரம் தரையில் உரசும். சட்டகம் தரையைத் தொட்ட நொடியில் டயரின் மேல் இருந்த பாரத்தில் ஒரு பங்கைத் தகடு வாங்கிக்கொள்கிறது, கார் நேராக வழுக்கும். காரைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். முன் மூலைகளில் புதிதாகச் சாய்வுக் கீறல்கள் இருந்தால் விஷயம் அதுதான். அப்போது செய்ய வேண்டியது நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்: ஸ்பிரிங்கைக் கடினமாக்குவது அல்லது ரைடு ஹைட்டைக் கூட்டுவது. தார்த் தளத்தில் 5 முதல் 6 மி.மீ. வழக்கம்; மேடு பள்ளம் உள்ள தளம் என்றால் 6 பக்கம் வைத்துத் தொடங்குவது நல்லது.

மூன்றாவது காரணம், உங்கள் பிரச்சினை நடு வளைவிலேயே இல்லாமல் இருப்பது. ஸ்பிரிங் பங்கீடு அதிகமாகப் பேசுவது நடு வளைவில்தான். நுழைவில் டேம்பிங்கும் (ஷாக் ஆயில் அசைவை அடக்குவது), பின் ட்ரூப்பும் (சக்கரம் கீழே இறங்க இருக்கும் இடம்), பிரேக்கும் பேசும். வெளியேறும்போது முன் ட்ரூப்பும் முன் டிஃப்பும்.

நுழைவைப் பார்ப்போம். த்ராட்டிலை விட்டதும் பாரம் முன்னால் வர வேண்டும். அதற்குப் பின்பக்கம் மேலே எழும்ப இடம் வேண்டும், அந்த இடம்தான் பின் ட்ரூப். காரைத் தரையில் வைத்துப் பின் சட்டகத்தைத் தூக்கினால் டயர் தரையை விடுவதற்கு முன் எவ்வளவு உயருகிறது என்று பாருங்கள். அது மிகக் குறைவாக இருந்தால் பின்பக்கத்தால் எழும்ப முடியாது, பிரேக் அடித்ததும் பின் உள்சக்கரம் தரையை விட்டு விலகப் பார்க்கும், கார் ஒரு மரப்பலகையைப் போல நேரே சறுக்கும். பின் ட்ரூப்பை அரை மி.மீ. கூட்டினால் மூக்கு இறங்குவது நன்றாகத் தெரியும். ட்ராக் பிரேக்கை (த்ராட்டிலை விட்டதும் மோட்டார் தானாகத் தரும் பிரேக்கை) கொஞ்சம் ஏற்றுவதும் இதே வேலையைச் செய்யும். ஆனால் ஒரு எல்லை உண்டு: பெல்ட் காரில் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் போகிறது, முன்னால் ஸ்பூல் இருக்கிறது. பிரேக் அதிகமானால் முன் டயர் பிரேக் பிடிப்பதிலேயே தன் பிடிப்பைச் செலவழித்துவிடும், திருப்புவதற்கு மிச்சம் இருக்காது. அதனால் புஷ் ஆகும் காரில் பிரேக்கைக் கூட்டியும் பாருங்கள், குறைத்தும் பாருங்கள். இரண்டில் ஏதோ ஒன்று உடனே நன்றாக இருக்கும்.

ஸ்பூலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பூல் என்றால் முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். வளைவில் உள்சக்கரம் குறைந்த தூரமும் வெளிச்சக்கரம் அதிகத் தூரமும் போக வேண்டியிருக்கும்போது இந்தப் பூட்டு காரை நேராக வைக்கவே இழுக்கும். த்ராட்டில் இல்லாத நுழைவில் இது நன்றாகவே தெரியும். த்ராட்டில் கொடுத்ததும் அதே ஸ்பூல் மூக்கை இழுத்துக்கொண்டு வெளியே வரும், பிரேக்கிலும் கார் நிலையாக இருக்கும். அதிக வேக மோட்டார் ஓட்டுபவர்கள் ஸ்பூலை விடாமல் இருப்பது இதனால்தான். உங்கள் மோட்டார் மிதமானது, தளம் குறுகிய வளைவுகள் நிறைந்தது என்றால் முன்னால் மிகத் தடித்த எண்ணெய் ஊற்றிய கியர் டிஃப் போட்டுப் பார்ப்பது ஸ்பிரிங் வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு. எண்ணெய் தடிமனைக் கூட்டக் கூட்ட ஸ்பூலின் குணத்துக்கு நெருங்கும், குறைக்கக் குறைக்க நுழைவு இலகுவாகும். அதைவிட முக்கியம் முன் டிரைவ் ஷாஃப்ட். ஒற்றை மூட்டு உள்ள ஷாஃப்ட் பெரிய கோணத்தில் ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் ஏறி இறங்கும், ஸ்பூலோடு சேர்ந்தால் முன் சக்கரம் வளைவில் நடுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரட்டை மூட்டு ஷாஃப்ட் அந்த நடுக்கத்தை நீக்கத்தான் வந்தது. ஸ்பூலும் ஒற்றை மூட்டும் சேர்ந்திருக்கும் கார் உங்களுடையது என்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதை முதலில் மாற்றுங்கள்.

வெளியேறும்போது அகன்று போனால் வேறு கதை. த்ராட்டில் கொடுத்ததும் பாரம் பின்னால் போகிறது, மூக்கு எழும்புகிறது. முன் ட்ரூப்பைக் குறைத்தால் மூக்கு எழும்பும் அளவு குறையும், முன் டயரின் மேல் பாரம் நீடிக்கும். பின் ஸ்பிரிங் மிக மென்மையாக இருந்தாலும் கார் பின்னால் உட்கார்ந்துவிடும். அதை ஒரு படி கடினமாக்கலாம். சட்டகத்தின் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட 0.2 முதல் 0.5 மி.மீ. உயர்த்தி வைப்பதும் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயிர்ப்பிக்கும். பேட்டரியை முன்னே தள்ள இடம் இருந்தால் தள்ளிப் பாருங்கள், காரிலேயே கனமான பொருட்களில் அது ஒன்று. பாடியைச் சில மி.மீ. முன்னே நகர்த்திப் பொருத்துவதும் வேகமான வளைவுகளில் முன்பிடிப்பைக் கூட்டும். மெதுவான வளைவில் காற்று எதுவும் செய்யாது, அதனால் வேகமான வளைவில் மட்டும் புஷ் ஆனால் சஸ்பென்ஷனைவிட முதலில் பாடியைச் சந்தேகப்படுங்கள்.

ரோல் சென்டர் பற்றி நேரடியாகக் கேட்டிருந்தார். திசை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். முன் கீழ் ஆர்மின் உள்முனைக்கு அடியில் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) சேர்த்தால் ரோல் சென்டர் உயரும், எடுத்தால் இறங்கும். கேம்பர் லிங்க்கின் (சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடிக்கும் கம்பியின்) உள்பக்க பால் ஸ்டட்டுக்கு (பந்துத் திருகுக்கு) அடியில் ஷிம் சேர்த்தால் இறங்கும், வெளிப்பக்க ஸ்டட்டுக்கு அடியில் சேர்த்தால் உயரும். இறக்கினால் அந்தப் பக்கம் கூடுதலாகச் சாயும், மெதுவாகப் பதில் சொல்லும், பிடிப்பு குறைவான தளத்தில் பொதுவாக அந்த அச்சின் பிடிப்பு கூடும். உயர்த்தினால் சட்டென்று பதில் வரும், ஆனால் பாரம் உடனடியாக மாறுவதால் தூசித் தளத்தில் டயர் வழுக்கிவிடும். உங்கள் தளத்தில் பிடிப்பு குறைவு என்றால் முன் ரோல் சென்டரை 0.5 மி.மீ. இறக்கிப் பார்க்கலாம். பிடிப்பு அதிகமாகி, கார் வளைவில் உள்சக்கரத்தைத் தூக்கிக் கவிழப் பார்க்கும் தளத்தில் இதே மாற்றம் விஷமாகிவிடும். கீழ் ஆர்மை நகர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட் கோணமும், ட்ரூப்பும், கேம்பரும், பம்ப் ஸ்டியரும் (சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்பும் அளவு) கூடவே நகரும் என்பதையும் மறக்காதீர்கள். மாற்றிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி அளக்காமல் ஓட்டினால் நீங்கள் சோதிப்பது ரோல் சென்டரை இல்லை, நாலைந்து மாற்றங்களை ஒன்றாக. அதனால்தான் நான் முதலில் கேம்பர் லிங்க் ஷிம்மோடு தொடங்குவேன், ஆர்மைக் கடைசியில் தொடுவேன்.

ஷாக் ஆயில் நுழைவில் முன்பக்கம் எவ்வளவு வேகமாகப் பாரத்தை வாங்குகிறது என்பதை மாற்றும், வளைவில் நிலைத்த பிறகு அதற்குப் பேச்சில்லை. மெல்லிய ஆயில் மேடு பள்ளத்தில் டயரைத் தரையோடு வைத்திருக்கும், தடித்த ஆயில் காரைக் கூர்மையாக்கும் ஆனால் வழுக்கலான தளத்தில் பிடிப்பைத் தின்னும். 300 முதல் 500 சிஎஸ்டிக்குள் (எண்ணெயின் தடிமனை அளக்கும் சென்டிஸ்டோக்ஸ்) பெரும்பாலான டூரிங் கார்கள் ஓடுகின்றன. ஒன்று கவனியுங்கள், சிஎஸ்டி என்பது அளக்கக்கூடிய அலகு. சில பாட்டில்களில் இருக்கும் வெயிட் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரு கம்பெனியின் 40ஐ இன்னொன்றின் 40ஓடு ஒப்பிடாதீர்கள். ஷாக்கின் கீழ்முனையை ஆர்மில் ஒரு ஓட்டை வெளியே நகர்த்தினாலும் ஸ்பிரிங் கடினமானதுபோல ஆகும், ஏனென்றால் சக்கரத்தில் உணரப்படும் கடினம் நெம்பு விகிதத்தின் வர்க்கத்தில் மாறுகிறது. உதாரணத்துக்கு அந்த விகிதம் 0.60இலிருந்து 0.65 ஆனால் சுமார் 17 சதவீதம் கூடும். புது ஸ்பிரிங் வாங்காமலே ஒரு படி மாற்றம் கிடைத்துவிடும்.

இப்போது கருத்து ஒத்துப்போகாத பகுதி. முன் டோ-அவுட் (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் முன்முனையில் வெளியே விரிந்திருப்பது) நுழைவைக் கூர்மையாக்கும் என்று பல செட்டப் வழிகாட்டிகள் சொல்லும். அதே டோ-அவுட் முதல் அசைவை மழுக்கிக் காரை அமைதியாக்குகிறது என்று சத்தியம் செய்யும் நல்ல ஓட்டுநர்களும் உண்டு. இரண்டுமே டயரையும் தளத்தையும் பொறுத்து உண்மையாக இருக்கக்கூடும். 0 முதல் 1 டிகிரிக்குள் வைத்துக்கொண்டு விளையாடுங்கள், இதற்கு மேல் போகத் தேவையில்லை. காஸ்டரைக் கூட்டினால் ஸ்டீயரிங் திருப்பிய நிலையில் வெளிச்சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பர் கூடுகிறது என்பது வடிவியல், அதில் தகராறு இல்லை. அது நுழைவில் உதவுமா வெளியேறும்போது உதவுமா என்பதில்தான் தகராறு. பழக்கத்தில் நான் பார்த்தது, குறைந்த காஸ்டர் நுழைவையும் கூடுதல் காஸ்டர் வெளியேற்றத்தையும் தாங்குகிறது என்பது, ஆனால் ஒரு காரிலிருந்து இன்னொன்றுக்கு இது தலைகீழாகவும் போயிருக்கிறது. அக்கர்மேன் (திரும்பும்போது உள், வெளி முன் சக்கரங்களின் கோண வித்தியாசம்), பின் டிஃப் ஆயில் இரண்டும் இதே ரகம்தான். பின் டிஃப்பில் மெல்லிய எண்ணெய் பொதுவாகத் த்ராட்டில் விட்ட நுழைவைச் சுலபமாக்கும், தடித்தது த்ராட்டிலில் பின்பக்கத்தைச் சுழற்றும். இதைக் கடைசிக் கட்ட நுணுக்கமாக வையுங்கள், முதல் மருந்தாக இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பொறி இருக்கிறது. பின் டோ-இன்னை (பின் சக்கரங்கள் முன்முனையில் உள்ளே குவிந்திருக்கும் கோணத்தை) 3இலிருந்து 2 டிகிரிக்கு இறக்கினாலும், பின் ஸ்பிரிங்கையும் பின் பாரையும் கடினமாக்கினாலும் கார் நன்றாகத் திரும்புவதாகத் தோன்றும். முன்பிடிப்பு கூடியதா, பின்பிடிப்பு குறைந்ததா? கையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், கடிகாரத்தில் இருக்காது. பின்னதைக் குறைத்து வாங்கிய ஸ்டீயரிங்கோடு ஒரு சுற்று வேகமாக வரலாம், ஐந்து நிமிடம் தப்பில்லாமல் வர முடியாது. அதனால் நல்ல ஒரு சுற்றை மட்டும் பார்க்காமல், தொடர்ச்சியான சுற்றுகளின் சராசரியையும் அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதையும் பாருங்கள். முன்பிடிப்பு நிஜமாகவே கூடியிருந்தால் நடு வளைவு வேகம் ஏறும், த்ராட்டிலை முன்னதாகவே கொடுக்க முடியும். கார் கூர்மையாகி நேரம் மட்டும் அப்படியே இருந்தால் பின்பக்கத்திலிருந்து திருடியிருக்கிறீர்கள்.

உங்கள் காருக்கு நான் போகும் வரிசை இது. முன் ஸ்பிரிங்கைப் பழையபடி ஏற்றிவிடுங்கள், எல்லாம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கம், சர்வோ, ட்வீக், சட்டகக் கீறல் நான்கையும் முடியுங்கள். ஓரளவு நல்ல டயரில் டூயல் ரேட் சோதனை. அப்புறம் நுழைவு என்றால் பின் ட்ரூப்பும் பிரேக்கும், நடு என்றால் முன் பார், வெளியேற்றம் என்றால் முன் ட்ரூப். ஒரு நேரத்தில் ஒன்றுதான், மாற்றம் பெரிதாக இருக்கட்டும், திசை தெரிந்த பிறகு பாதியாகக் குறைக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்பி ஓட்டுங்கள், தளம் வெயிலில் மாறிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் வெயில் தந்த பிடிப்பை ஷிம் தந்ததாக நினைத்துக்கொள்வீர்கள். இதற்குப் பிறகும் மூக்கு வரவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள், அப்போது வளைவின் எந்தப் பகுதி, முன் டிரைவ் ஷாஃப்ட் ஒற்றை மூட்டா இரட்டை மூட்டா, முன் பார் எத்தனை மி.மீ., தளத்தின் வெப்பம் எவ்வளவு என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.